நிறுத்தும் பொத்தானிலிருந்து தொடங்கலாம்

ஆர்டுயினோ போர்டு (நாம் எழுதும் நிரலை ஓட்டி மற்ற கருவிகளை இயக்கும் சிறிய மின்னணுப் பலகை) வாங்கியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் முதல் நாளில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். 13ஆம் எண் பின் என்ற இணைப்பு முனையோடு போர்டிலேயே இணைந்திருக்கும் சிறிய எல்இடியை எரியவிடு, ஆயிரம் மில்லி விநாடி காத்திரு, அணை, மறுபடியும் ஆயிரம் மில்லி விநாடி காத்திரு. நான்கே வரிகள். எல்இடி மினுக்கத் தொடங்கியதும் வருகிற மகிழ்ச்சி உண்மையானது. அந்தப் பாடத்தால் நடைமுறைப் பயனும் உண்டு. யுஎஸ்பி கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டும் உதவுகிற வகையா, தகவலும் போகிற வகையா. விலை குறைந்த போர்டுகளில் இருக்கும் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப்புக்கு டிரைவர் ஏறியிருக்கிறதா. மென்பொருளில் சரியான போர்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று மூன்று நான்கு தலைவலிகளை ஒரே நேரத்தில் தீர்த்துவைக்கிறது. அந்த அளவில் நல்ல சோதனை.

ஆனால் மோட்டாரையோ ஹீட்டரையோ கோழிப்பண்ணை மின்விசிறியையோ கட்டுப்படுத்த வேண்டும் என்று இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இது முதல் பாடமாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் கடந்த கோடையிலிருந்து என்னை விடவே இல்லை. நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பகலெல்லாம் பிஎல்சி (ஆலை எந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி), கான்டாக்டர் (மோட்டாருக்கான பெரிய மின்காந்த சுவிட்ச்), ஓவர்லோடு ரிலே என்று போகும். மாலையில் வீட்டு மேசையில் ஆர்டுயினோ. இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: எதையோ அளந்து, எதையோ இயக்கி, உரிய நேரத்தில் நிறுத்துவது. ஆனால் இரண்டையும் கற்றுத்தருகிற முறையில் இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று அக்கா வீட்டில் தண்ணீர்த் தொட்டி வழிந்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

அக்கா வீட்டு மொட்டை மாடி

அக்கா மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், மாடித் தொட்டிக்குத் தானே ஒரு தானியங்கி அமைப்பைச் செய்துவிடுவது என்று இறங்கினாள். கீழே சம்ப், மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி, நடுவில் ஒரு குதிரைத்திறன் மோட்டார். நம் ஊர் வீடுகள் பலவற்றில் இதே அமைப்புதான். தொட்டி மூடியின் அடியில் எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற ஒலியலை சென்சாரைப் பொருத்தினாள். மூடியிலிருந்து தண்ணீர் வரைக்கும் உள்ள தூரத்தை அது சொல்லும். 70 சென்டிமீட்டருக்கு மேல் போனால் மோட்டாரைப் போடு, 20க்குக் கீழே வந்தால் நிறுத்து. இரண்டு மட்டங்களை வைத்தது அவளாகவே யோசித்துச் செய்தது. ஒரே மட்டத்தை வைத்திருந்தால் தண்ணீர் அலையடிக்கிற போதெல்லாம் மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலே என்ற மின்காந்த சுவிட்ச் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருக்கும். அதைச் சொல்லாமலே புரிந்துகொண்டிருந்தாள். நிறுத்துவதற்கென்று ஒரு பொத்தானையும் போர்டின் 2ஆம் எண் பின்னில் இணைத்திருந்தாள். ரிலே நேராக மோட்டாரைச் சுமக்காமல் ஒரு கான்டாக்டரின் காயிலுக்கு (அதை இழுத்துப் பிடிக்கும் கம்பிச்சுருள்) மட்டும் மின்சாரம் கொடுக்கும்படி நான் மாற்றிக்கொடுத்தேன். அந்த நீல நிற ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இருக்கும். சிறிய ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிடும்.

மேசையில் எல்லாம் அழகாக வேலை செய்தது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை அளந்து பார்க்கும்படி எழுதியிருந்தாள். ஒரு வாளித் தண்ணீரைச் சென்சாருக்கு அருகே கொண்டுவந்தால் ரிலே அணையும், தள்ளிக்கொண்டு போனால் போடும். மாடியில் பொருத்துவதற்கு முன்னால், தொட்டிக்கு ஐந்து விநாடி தேவையில்லை, நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று அந்த வரியில் 5 என்ற எண்ணை மட்டும் 60 ஆக்கினாள். 5 பெருக்கல் 1000 இருந்த இடத்தில் 60 பெருக்கல் 1000.

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி துவைத்துத் தொட்டி காலியாகியிருந்த நேரத்தில் போட்டோம். மோட்டார் தானாகக் கிளம்பியது. எல்லாருக்கும் சந்தோஷம். சாப்பிட உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் சன்ஷேடிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா காயப்போட்டிருந்த மிளகாயெல்லாம் முற்றத்தில் மிதந்தது. அக்கா மகள் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். விடாமல் அழுத்திப் பிடித்தாள். ரிலேயின் சிவப்பு எல்இடி அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. நான் போய் மோட்டாரின் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். மோட்டாருக்கு மின்சாரம் நின்றாலும் போர்டு தனி அடாப்டரில் உயிரோடுதான் இருந்தது, ரிலேயும் போட்ட நிலையிலேயே இருந்தது. என்ன அளவு வருகிறது என்று பார்க்க அவள் மடிக்கணினியை இணைத்து, போர்டு அனுப்பும் தகவலைத் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்தாள். திறந்த சில நொடிகளில் ரிலே டக்கென்று அணைந்தது. திரையில் 11 சென்டிமீட்டர் என்று சரியான அளவும் வந்தது. “சரியாகத்தானே வேலை செய்கிறது, மாமா!” என்றாள். அவள் வைத்திருந்த ஊனோ வகை ஆர்டுயினோ போர்டில் சீரியல் மானிட்டரைத் திறக்கும்போதே போர்டு ஒருமுறை மறுதொடக்கம் ஆகும். புதிய நிரலை ஏற்ற வசதியாக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மறுதொடக்கம் ஆனதும் புதிதாக அளந்து, தொட்டி நிறைந்திருப்பதைப் பார்த்து, அணைத்திருக்கிறது. கணினியை வைத்துப் பார்க்கப் போகும்போதெல்லாம் கோளாறு ஓடி ஒளிந்துகொள்ளும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் பல இரவுகளைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

காரணத்தை இரவு அவளே கண்டுபிடித்தாள். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட்தான் இடம். அதிகபட்சம் 32,767. அறுபதும் ஆயிரமும் தனித்தனியாக அதற்குள் அடங்கும். பெருக்கினால் வரும் 60,000 அடங்காது. சுற்றிக்கொண்டு போய் மைனஸ் 5,536 ஆகிவிடுகிறது. காத்திருக்கச் சொல்லும் டிலே என்ற கட்டளைக்கு மைனஸ் தெரியாது; அது 32 பிட் நேர்ம எண்ணை மட்டுமே வாங்கும். எனவே அந்த மைனஸ் எண் அங்கே போகும்போது 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் மில்லி விநாடி என்று பொருளாகிறது. அவள் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, “மாமா, நாற்பத்தொன்பது நாள்!” என்றாள். ஒரு நிமிடம் காத்திரு என்று நாம் சொன்னதாக நினைத்த வரி, 49 நாள் 17 மணி நேரம் காத்திரு என்று போர்டுக்குச் சொல்லியிருக்கிறது. பெருக்காமல் நேராக 60000 என்று எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. நம் நிரலைச் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலர் தானாகவே பெரிய எண்ணாக எடுத்துக்கொண்டிருக்கும். 32 விநாடி வரை பெருக்கல் சரியாக வரும், 33இல் உடையும். ஆர்டுயினோ மென்பொருளில் கம்பைலர் எச்சரிக்கைகள் இயல்பாக அணைத்துவைக்கப்பட்டிருப்பதால் அதுவும் வாயைத் திறக்கவில்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அமைப்புகளுக்குப் போய் அந்த எச்சரிக்கைகளை முழுமையாகப் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே செய்ய வேண்டிய வேலை அது.

திருத்திய பிறகு

60க்குப் பின்னால் யு, எல் என்று இரண்டு எழுத்துகளைச் சேர்த்தாள். இதைப் பெரிய எண்ணாக எடுத்துக்கொள் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறி அது. நிரல் சரியாகிவிட்டது. நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தது, நிறைந்ததும் நிறுத்தியது. வேறு யாராக இருந்தாலும் இத்தோடு பெட்டியை மூடி மாடிக்கு அனுப்பியிருப்பார்கள். எனக்கு ஏதோ நெருடியது. “கண்ணு, மோட்டார் ஓடும்போது பொத்தானை அழுத்திப் பார்” என்றேன்.

அழுத்தினாள். நிற்கவில்லை. விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நிமிடம் முடிந்து புதிய அளவு வந்தது, அப்போதும் நிற்கவில்லை. பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று நிரல் எட்டிப் பார்த்த கணத்தில் விரல் அங்கே இல்லை. அழுத்தியதற்கு எந்தத் தடயமும் இல்லாமல் அது காணாமல் போயிருந்தது. இரண்டாவது முறை அழுத்தியபடியே நின்றாள். பெரும்பகுதி நிமிடம் அப்படியே நின்ற பிறகுதான் ரிலே அணைந்தது. பிழை எதுவும் இல்லாத நிரல் இது. எழுதியபடியே நடக்கிறது. கணக்குப் பிழை போனதும் அதற்குக் கீழே இருந்தது வெளியே தெரிந்தது: மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் அறுபது விநாடியில் ஏறக்குறைய அறுபது விநாடியும் இந்தப் போர்டு எதையுமே பார்ப்பதில்லை.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நூறு வரை எண்ணுகிற மாதிரிதான் டிலே. சிப்புக்குள் இருக்கும் டைமர்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நாம் எழுதிய நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். மடிக்கணினியில் ஒரு நிரல் காத்திருந்தால் மற்ற வேலைகளை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். இங்கே இயங்குதளம் இல்லை, 32 கிலோபைட் நினைவகத்தில் நாம் எழுதிய ஒரே ஒரு நிரல்தான் இருக்கிறது. அது காத்திருந்தால் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகளில் ஓடுகிற சிப் அது. ஒரு அனலாக் அளவை எடுக்க அதற்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடி போதும். ஒரு நிமிடத்தில் தொட்டியையும் பொத்தானையும் எத்தனை ஆயிரம் தடவை வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஒன்றை நாம் ஒரே ஒருமுறை பார்க்க வைத்திருந்தோம். அவள் அப்படி எழுதியதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. முதல் நாளில் காத்திருக்கத்தானே சொல்லிக்கொடுத்தோம்?

மில்லில் பிஎல்சி கற்றுக்கொள்ள வரும் பயிற்சியாளருக்கு முதல் நாளில் என்ன கொடுக்கிறோம் என்று அன்றிரவு யோசித்தேன். ஸ்டார்ட், ஸ்டாப், ஹோல்டிங். மூன்றே குறிகள். பச்சைப் பொத்தான் என்ஓ (அழுத்தினால் இணையும் வகை), சிவப்புப் பொத்தான் என்சி (அழுத்தினால் துண்டிக்கும் வகை), பச்சைக்கு இணையாக கான்டாக்டரின் சொந்த முனை ஒன்று. பச்சையைத் தட்டினால் போடும், விரலை எடுத்தாலும் பிடித்துக்கொள்ளும், சிவப்பைத் தொட்டால் விட்டுவிடும். மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடாது, யாராவது வந்து மறுபடி பச்சையை அழுத்த வேண்டும். தோட்டத்து மோட்டார் அறையில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியின் வயரிங்கும் இதேதான். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள்கூட பல தலைமுறையாகக் கையாண்டுவரும் அமைப்பு. பிஎல்சி பிறந்ததே இந்த வயரிங்கிலிருந்துதான். 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் தொழிற்சாலைகளில் சுவர் சுவராக நின்ற ரிலே பலகைகளுக்கு மாற்று கேட்டது. டிக் மார்லியும் அவருடைய குழுவினரும் மாடிகான் 084 என்ற கருவியைச் செய்தார்கள். ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன்கள் புதிதாக எதையும் கற்காமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே ஏணி வடிவ லேடர் வரைபடத்தை அதற்குள் அப்படியே வைத்தார்கள். பிஎல்சி உள்ளீடுகளைப் படிக்கும், லேடரை மேலிருந்து கீழே ஓட்டும், வெளியீடுகளை எழுதும், மறுபடி படிக்கும். ஒரு சுற்றுக்குச் சில மில்லி விநாடிகள். சுற்று இழுத்துக்கொண்டு போனால் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அதைக் கோளாறு என்று அறிவித்து நிறுத்திவிடும். நடுவில் உட்கார்ந்து ஒரு நிமிடம் காத்திருக்கும் வழக்கம் அங்கே இல்லை. டைமர் வேண்டுமென்றால் டைமர் ஒருபக்கம் ஓடும், ஸ்கேன் என்கிற இந்தச் சுற்று ஒருபக்கம் ஓடும்.

இன்னும் பின்னால் போனால் ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எந்திரத்தில் மாட்டிய கவர்னர். வேகம் கூடினால் சுழலும் இரண்டு குண்டுகள் விலகி மேலே எழும். அவை எழும் அசைவே நீராவி வால்வைக் குறுக்கும். அளப்பதும் செயல்படுவதும் அங்கே ஒரே அசைவு, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. 80 ஆண்டு கழித்து, 1868இல், மாக்ஸ்வெல் அதற்குக் கணிதம் எழுதினார். அளவுக்கும் செயலுக்கும் நடுவே தாமதம் புகுந்தால் அமைப்பு தள்ளாடும் என்பது இன்றைக்குக் கட்டுப்பாட்டுப் பொறியியலில் ஆரம்பப் பாடம். வகுப்பில் அதைப் படித்துத் தேர்வும் எழுதிய மாணவர்கள், போர்டைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாகத் தாமதத்தைப் புகுத்துகிறார்கள். பாடப்புத்தகத்துக்கும் போர்டுக்கும் நடுவில் யாரும் ஒரு கோடு போட்டுக்காட்டுவதில்லை.

இதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் ஒரு வடிவமைப்புக் கல்வி நிலையத்தில் பிறந்தது. மாசிமோ பான்சியும் நண்பர்களும் அதைக் கலைஞர்களுக்காகவும் வடிவமைப்பு மாணவர்களுக்காகவும் செய்தார்கள். அதற்கு முன்பே அங்கே படித்த எர்னாண்டோ பராகான் செய்திருந்த வயரிங் என்ற திட்டம்தான் அதற்கு அடித்தளம். வெளிச்சம் மினுக்குகிற சிற்பம் செய்ய வருகிறவருக்கு, எரிய விடு, காத்திரு, அணை என்பது மிகப் பொருத்தமான தொடக்கம். அவர்கள் உருவாக்கிய எளிமை இல்லாவிட்டால் அக்கா மகளும் நானும் இன்றைக்கு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவே மாட்டோம். டிலே இல்லாமல் மினுக்குவது எப்படி என்ற மாதிரி நிரலையும் மென்பொருளோடு சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது அடுத்த தொகுப்பில் இருக்கிறது. முதல் மாதிரி ஓடியதும் நேராக மோட்டாருக்குப் போய்விடுகிறவர்கள் அதைத் திறப்பதே இல்லை.

காத்திருக்காமல் எழுதுவது

மாற்றி எழுதுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மில்லிஸ் என்ற கட்டளை, போர்டு விழித்ததிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று சொல்லும். கடைசியாக எப்போது அளந்தோம் என்பதை ஒரு மாறியில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். லூப் (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் அள, குறிப்பைப் புதுப்பி. ஆகவில்லையா? ஒன்றும் செய்யாமல் அடுத்த வரிக்குப் போ. அடுத்த வரியில் பொத்தான், அதற்கடுத்து மோட்டார் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கேள்வி, பிறகு மறுபடி முதலிலிருந்து. எங்கும் நிற்பதில்லை. இதில் ஒரு நுணுக்கம். மில்லிஸ் எண் 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மாடியில் மாதக்கணக்கில் ஓடப்போகும் கருவி அந்த நாளைக் கட்டாயம் சந்திக்கும். நேரங்களைக் கழித்துப் பார்க்கும் முறையில் எழுதி, எல்லாவற்றையும் 32 பிட் நேர்ம எண்ணாக வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது, கழித்தல் தானாகவே சரியான விடையைத் தரும். அடுத்து எப்போது அளக்க வேண்டும் என்று கூட்டிவைத்துக்கொண்டு ஒப்பிட்டால் அன்றைக்கு உதைக்கும்.

நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: லூப் ஒரு சுற்று சுற்ற அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து காட்டு. காட்டினாள். சில சுற்றுகள் ஒரு முழு விநாடி எடுத்தன. டிலே எங்குமே இல்லாத நிரலில் ஒரு விநாடி எங்கே போனது என்று தேடியதில் பல்ஸ்இன் அகப்பட்டது. சென்சாரிலிருந்து எதிரொலி திரும்பும்வரை காத்திருக்கும் கட்டளை அது. எதிரொலி வராவிட்டால், நாம் வேறு எதுவும் சொல்லாத வரை, ஒரு விநாடி காத்திருந்துவிட்டுப் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். ஒலி 4 மீட்டர் போய்த் திரும்ப ஏறக்குறைய 24 மில்லி விநாடிதான் ஆகும். ஆகவே 30 மில்லி விநாடிக்கு மேல் காத்திருக்காதே என்று சொல்லிவிட்டால் போதும். அந்தப் பூஜ்யத்தைப் பற்றியும் பேசினோம். அவளுடைய நிரலில் பூஜ்யம் என்றால் தண்ணீர் மூடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். சென்சார் வயர் அறுந்தாலும் பூஜ்யம்தான் வரும். அறுந்தால் மோட்டார் நிற்கிறது, நல்லதுதான். ஆனால் அது நாம் திட்டமிட்டு வந்த நன்மை இல்லை. சென்சாரைத் தொட்டியின் வேறு இடத்தில் வைத்திருந்தாலோ கணக்கைத் தலைகீழாக எழுதியிருந்தாலோ மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். பூஜ்யம் வந்தால் அதைத் தூரமாக எடுத்துக்கொள்ளாமல் சென்சார் கோளாறு என்று தனியாகப் பிரித்து, மோட்டாரை நிறுத்தி, ஒரு பஸரை ஒலிக்க வைக்கும்படி எழுதினாள். எத்தனை நேரம் ஓடினாலும் தொட்டி நிரம்பவில்லையென்றால் சம்ப் வறண்டிருக்கலாம், அதனால் ஓட்டத்துக்கு ஒரு மேல்வரம்பு. அதையும் காத்திருக்காத நிரலில் எளிதாக எழுதலாம்.

இவ்வளவு செய்த பிறகும் சிவப்புப் பொத்தானைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டோம். என்சி வகைப் பொத்தானாக வாங்கி, ரிலேயோடு தொடராக, கான்டாக்டர் காயிலுக்குப் போகும் வயரிலேயே போட்டோம். அதோடு தொட்டியின் மேல்விளிம்புக்கு அருகே சாதாரண மிதவை சுவிட்ச் ஒன்றும் அதே வயரில். போர்டு உறைந்தாலும், நிரலில் எந்த வரி எங்கே மாட்டிக்கொண்டாலும், பொத்தானைத் தொட்டால் காயில் விடும். தண்ணீர் மிதவையைத் தூக்கினால் காயில் விடும். நிரலைத் திருத்திய பிறகு இது எதற்கு என்று அவள் கேட்டாள். நான் வேலை செய்யும் இடத்தில் எந்த எந்திரத்திலும் அவசர நிறுத்தப் பொத்தானை நிரலை மட்டும் நம்பி விடுவதில்லை. மென்பொருள் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அப்படித்தான். கை மாட்டிக்கொண்டவரைப் பார்த்தவர்கள் எழுதிய விதி அது. இந்த 230 வோல்ட் வேலையை மாணவர்கள் தாங்களாகச் செய்யாமல் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் நான் கொடுப்பது வேறு பயிற்சி. எல்இடியை ஒருமுறை மினுக்கி, போர்டு உயிரோடு இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு இரண்டு பொத்தான்கள், ஒரு எல்இடி. பச்சையைத் தட்டினால் எரிந்து நிற்க வேண்டும், சிவப்பைத் தொட்டால் அணைய வேண்டும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சிவப்பு வெல்ல வேண்டும். சிவப்புப் பொத்தானின் வயரைப் பிடுங்கினாலும் அணைய வேண்டும். இதற்கு என்சி பொத்தானும் போர்டின் உள்ளேயே இருக்கும் புல்-அப் மின்தடையும் (எதோடும் இணையாத பின்னை மேல் வோல்ட்டிலேயே பிடித்துவைப்பது) போதும். வயர் அறுந்தாலும் பொத்தான் அழுத்தப்பட்டதாகவே போர்டுக்குத் தெரியும். இது சரியாக வந்த பிறகு இன்னொரு எல்இடியை விநாடிக்கு ஒருமுறை மினுக்க வையுங்கள், ஆனால் சிவப்புப் பொத்தான் எந்தக் கணத்திலும் உடனே கேட்க வேண்டும். அந்த நிபந்தனையைப் போட்டதும் டிலே தானாகவே உதிர்ந்துவிடுகிறது. எழுதுகிறவரே மில்லிஸைத் தேடிப் போகிறார். சென்னை ரிச்சி தெருவில் இந்தச் சாமான்கள் எல்லாம் சேர்த்து ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள் அடங்கிவிடும், போர்டு தவிர.

தொட்டிக் கருவியை மாடிக்கு ஏற்றும் முன் மேசையில் வைத்து வேண்டுமென்றே தொல்லை கொடுத்துப் பார்த்தோம். ஓடும்போது சென்சார் வயரைப் பிடுங்கினோம்; நின்றது, பஸர் அடித்தது. சென்சாருக்கு முன்னால் பழைய துணியை வைத்து எதிரொலியை விழுங்கவைத்தோம், அப்போதும் நின்றது. மூன்றாவதாக அடாப்டரைப் பிடுங்கி மறுபடி செருகினோம். நம் ஊரில் மின்சாரம் போய் வருவது சகஜம், அதனால் இந்தச் சோதனையை விடவே முடியாது. செருகியதும், தொட்டி நிறைந்திருக்கும்படி வாளியை வைத்திருந்தும், ரிலே டக்கென்று போட்டது, இரண்டு விநாடி பிடித்தது, விட்டது. போர்டு விழித்ததும் ஒருமுறை மட்டும் ஓடும் செட்டப் பகுதியைத் திறந்து பார்த்தோம். ரிலே பின்னை வெளியீடாக அறிவிக்கும் வரி முதலில், பிறகு எல்சிடி திரையில் வரவேற்பு வாசகம், அதை வாசிக்க இரண்டு விநாடி டிலே, அதற்கும் பிறகுதான் ரிலேயை அணைத்துவைக்கும் வரி. அந்த ரிலே மாட்யூல், அதற்கான பின் பூஜ்ய வோல்ட்டில் இருந்தால் போடும் வகை. போர்டு விழித்ததும் ஒரு பின்னை வெளியீடாக அறிவித்தால் அது பூஜ்யத்தில்தான் தொடங்கும். அணைக்கும் வரியை எல்லாவற்றுக்கும் முன்னால், பின்னை வெளியீடாக அறிவிப்பதற்கும் முன்னால், கொண்டுபோய் வைத்தாள். வரவேற்பு வாசகத்தின் டிலேயையும் எடுத்துவிட்டாள். அடாப்டரை விதவிதமான வேகத்தில் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினோம். ரிலே அசையவில்லை. அடுத்த ஞாயிறு எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி மாடியில் பொருத்தினோம். சம்பிலும் ஒரு சென்சார் வைக்க வேண்டும் என்கிறாள் அவள். அங்கே இன்னொரு மிதவை சுவிட்சே போதும் என்பது என் கட்சி. இன்னும் முடிவாகவில்லை.